குரல் பதிவுகள் போன இடம்

நாங்கள் விற்ற மென்பொருளுக்கு ஒரு கையேடு இருந்தது. படங்களோடு மூன்று மொழியிலும் அச்சடித்து, புதிதாகச் சேருகிற ஒவ்வொரு கடைக்காரருக்கும் கொடுப்போம். கற்பிட்டிப் பக்கத்து வாடிகளில், அதாவது கரையில் மீனை நிறுத்து வாங்குகிற கொட்டில்களில், அந்தக் கையேட்டின் மேல் பிளேன்டீ கிளாஸ் வைத்த வட்டங்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். யாரும் திறந்ததில்லை. சந்தேகம் வந்தால் எனக்குப் போனில் கோல் எடுப்பார்கள். சொன்னது மறந்துபோனால் திரும்பவும் எடுப்பார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்ட ஒரு நாளில், போனில் குரல் பதிவாகப் பேசி அனுப்பிவிட்டேன். அது அவர்களுக்குப் பிடித்துப்போனது. "மிஸ், கோல் வாணா, வொய்ஸ் போடுங்க" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

எனக்கும் பிடித்திருந்தது. கையேட்டில் இருந்த தமிழ் யாருடைய வாயிலும் வராத தமிழ். நான் எங்கள் கரையின் பேச்சில் சொன்னேன். "முதல்ல வள்ளத்துட நம்பர அமத்துங்க. பிறகு மீன்ட பேர். அறுக்குளாவும் பாரையும் ஒண்டாப் போடாதீங்க, பிறகு லொறிக்காரனோட சண்டை வரும்." இப்படி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பதிவு. ஏன் அப்படிச் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். காரணம் தெரிந்தால் மறக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். பஸ்ஸில் யாராவது என் குரலை வைத்து அடையாளம் கண்டு, "நீங்கதானே அந்த வொய்ஸ் மிஸ்?" என்று கேட்டால், இல்லை என்று சொன்னதில்லை.

எங்கள் ஒஃபிஸ் புத்தளம் டவுனில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நாங்கள் சேர் என்று கூப்பிடுகிற முதலாளி சிலாபத்துக்காரர். ஒரே வசனத்தில் பாதியைத் தமிழிலும் பாதியைச் சிங்களத்திலும் பேசுவார். 'ஹரி?' என்று முடித்தால், சரியா என்று அர்த்தம். மென்பொருளை எழுதிய மூன்று பேரும் அவரவர் வீட்டில் இருந்து வேலை செய்தார்கள். அவர்களை நான் திரையில்தான் பார்த்திருக்கிறேன். வாடிக்காரர், ஐஸ்காரர், குறிஞ்சிப்பிட்டியில் மரக்கறி எடுக்கிறவர்கள் எல்லோரையும் நேரில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டில் உயர்தரம், அதாவது பதின்மூன்றாம் வகுப்பு, வரை படித்த முதல் ஆளும் நான்தான். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை வைத்தார். ஒஃபிஸ் எனக்குத் தந்த அடையாள அட்டையை, நான் வீட்டில் நிற்கிற நாட்களில், அம்மா மாதா படத்துக்குப் பக்கத்து ஆணியில் கொழுவிவிடுவார். யாராவது வந்தால் கண்ணில் படவேண்டும் என்பதற்காக. எனக்கு வெட்கமாக இருக்கும். கழற்றச் சொல்லவும் மாட்டேன்.

நாங்கள் மென்பொருளை விற்றோம் என்று எழுதினேன். உண்மையில் விற்கவில்லை. மாதாமாதம் சந்தா கட்டினால் அது வேலை செய்யும், கட்டாவிட்டால் திரை பூட்டிக்கொள்ளும். வாடிக்காரர்களுக்கு இது கடைசிவரை சரியாகப் பிடிபடவில்லை. "தராச வாங்கினா தராசு என்ட. இது என்ன மகள், கட்டிக்கிட்டே ஈக்க வேணும், ஆனா ஒருநாளும் என்டதாகாது?" என்று ஒருவர் கேட்டார். "வாடகை வீடு மாதிரி" என்றேன். "வாடகை வீட்டுக்காரன் கூட சுண்ணாம்பு அடிச்சுத் தருவானே" என்றார். ஆனாலும் கட்டினார்கள். வேறு வழி இருக்கவில்லை.

அந்த மென்பொருளில் என்னுடையது என்று சொல்லத்தக்க ஒரு இடம் இருந்தது. எங்கள் கரையில் வள்ளம் வந்து இறங்கியதும், நிறுப்பதற்கு முன், கடலுக்குப் போன ஒவ்வொருவரும் வீட்டுக் கறிக்கென்று குவியலில் இருந்து மீன் எடுப்பார்கள். அதைத் தராசில் வைக்கக் கூடாது. வைத்தால் அந்த ஆட்களைக் கள்ளர் என்று சொன்ன மாதிரி. மென்பொருள் எழுதியவர்களுக்கு இது தெரியாது. கறி மீனின் நிறையைப் போட ஒரு கட்டம் வைத்துவிட்டார்கள். முதல் நாளே இரண்டு வள்ளக்காரர் மீனை நிறுக்காமல் திரும்பப் போய்விட்டார்கள். நான் சேரோடு சண்டை பிடித்து, அந்தக் கட்டத்தை எடுக்கவைத்து, 'கறி எடுத்தாச்சு' என்று ஒரு அடையாளம் மட்டும் போடுகிற மாதிரி மாற்றவைத்தேன். அதைத் தட்டினால்தான் நிறுவைப் பக்கம் திறக்கும். அதற்குப் பிறகுதான் கரையோரம் முழுக்க எங்கள் மென்பொருளை எடுத்தார்கள்.

முதலில் சந்தாவை விட்டு நின்றவர் சின்னக் கடைக்காரர் ஒருவர். மருமகன் ஏதோ செய்து கொடுத்துவிட்டானாம். பிறகு ஒரு கருவாட்டுக் கடை. பிறகு இன்னொன்று. எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். ஏஐயிடம் சொன்னால் செய்து தருகிறதாம். சேர் முதலில் சிரித்தார். "ரெண்டு மாசத்தில திரும்பி வருவாங்க மிஸ், பாருங்க." யாரும் வரவில்லை. மென்பொருள் எழுதிய மூன்று பேரில் இருவரை சேர் நிறுத்தினார். அவரும் அதே ஏஐயை வைத்துத்தான் அவர்களுடைய வேலையைச் செய்யத் தொடங்கியிருந்தார். பிறகு ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டு, ஹாஜியாரும் நிற்கப்போகிறாராம் என்று சொன்னார்.

ஹாஜியாருக்குக் கரை நெடுக வாடிகள். எங்கள் சந்தாக்காரர்களில் அவர்தான் பெரியவர். அவர் எதைச் செய்கிறாரோ அதையே மற்றவர்களும் செய்வார்கள். அவர் போனால் கம்பனியை மூட வேண்டியதுதான், சேர் அதை மறைக்கவில்லை. "நீங்க போய்க் கதைங்க மிஸ். நீங்க சொன்னாக் கேப்பார். பாதியாக் குறைச்சுத் தாரம் எண்டு சொல்லுங்க. ஹரி?"

நான் சொன்னால் கேட்பார் என்று சேர் நினைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. கடலுக்குப் போகிற என் அப்பா மீன் போடுவது ஹாஜியாருக்குத்தான். அது எனக்கு உதவும் என்று சேர் எண்ணினார். என் வாயைக் கட்டுவதும் அதுதான் என்று நான் அவருக்கு விளக்கவில்லை.

பஸ்ஸில் போகும்போது பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். பாதுகாப்பு. போன் உடைந்தால் கணக்கு என்னாகும். பிழை வந்தால் யார் பொறுப்பு. கடைசிக் கேள்விதான் என்னுடைய பலம் என்று நம்பினேன்.

ஹாஜியார் வாடிக்குப் பின்னால் இருந்த அறையில் இருந்தார். "வாங்க மகள், இரிங்க. வாப்பா சொகமா?" கதிரையைத் தானே இழுத்துப் போட்டார். பிளேன்டீயும் சீனிச்சம்பல் பணிசும் வந்தன. அவருடைய இளைய மகளும் அங்கே இருந்தாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவள். மடியில் போன். என்னைக் கண்டதும் அவளுடைய முகம் ஒரு மாதிரிச் சிவந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றாள், நான் உட்காருவதற்குள்.

"என்னத்துக்கு?"

"ஒங்கட வொய்ஸத்தான் குடுத்தன்."

எனக்கு விளங்கவில்லை. அவளே விளக்கினாள். வாப்பாவின் போனில் நான் அனுப்பிய பதிவுகள் எல்லாம் இருந்தன. ஒன்றையும் அழிக்கவில்லை. அவள் அத்தனையையும் எடுத்து ஏஐக்குக் கொடுத்திருக்கிறாள். "இந்த அக்கா செல்ற மாதிரி ஒண்டு செஞ்சு தா எண்டன். எனக்கு கோடிங் கீடிங் ஒண்டும் தெரியாக்கா. ஒரு எழுத்துக்கூட எழுதல்ல. கதச்சன், அவ்வளவுதான்."

"இவட வாய்க்கு எப்பிடி ஒரு மாப்புள தேடப்போறன் எண்டு நான் கவலப்பட்டுட்டு ஈந்தன்" என்று ஹாஜியார் சிரித்தார். "இப்ப பாத்தா அந்த வாய்தான் வாடிய நடத்துது."

"வாப்பா!"

போனை என் கையில் தந்தாள். நான் பார்த்தேன். வள்ளத்தின் நம்பர், மீனின் பெயர், அறுக்குளாவும் பாரையும் வேறு வேறாக. 'கறி எடுத்தாச்சு' அதே இடத்தில் இருந்தது. அதைத் தட்டாவிட்டால் நிறுவைப் பக்கம் திறக்கவில்லை. எங்கள் மென்பொருளில் நான் சேரோடு பல மாதம் சண்டை பிடித்துப் பெற்றது அது. அதன் காரணத்தை நான் மிக விளக்கமாக, இரண்டு பதிவுகளில், ஆட்களுக்குக் கோபம் வராத மாதிரி சொல்லியிருந்தேன். அந்த இயந்திரம் அதை நன்றாகக் கேட்டிருக்கிறது. மென்பொருள் எழுதியவர்களை விட நன்றாக.

"சும்மா அடிச்சுப் பாருங்கக்கா. பிழ ஈந்தாச் செல்லுங்க."

இருந்தால் சொல்ல மட்டுமல்ல, பிழை தேடத்தான் நான் தொடங்கினேன். கை தானாக அப்பாவின் வள்ள நம்பரை அமத்தியது. கறி எடுத்தாச்சு. நிறையில் பூச்சியம் போட்டேன். பதிவு செய்யும் பட்டன் வேலை செய்யவில்லை. நிறை போடுங்கள் என்று சிவப்பில் ஒரு வரி வந்தது.

சில நாட்களில் கடல் ஒன்றும் தராது. கறிக்கு மட்டும்தான் மீன் இருக்கும். நிறுக்க எதுவும் மிஞ்சாது. ஆனாலும் வள்ளம் வந்தது என்று பதிய வேண்டும். பதியாவிட்டால், டவுனில் இருந்து போனில் பார்க்கிற ஹாஜியாருக்கு, அந்த வள்ளம் அன்று வரவேயில்லை. கடலுக்குப் போனது தெரியும், வாடிக்கு வரவில்லை என்றால் வேறு யாருக்கோ மீனைப் போட்டுவிட்டது என்றுதான் அர்த்தம். எங்கள் பக்கத்தில் ஒரு மீனவனைப் பற்றி அதைவிடக் கெட்ட பேச்சு இல்லை. எங்கள் மென்பொருளில் பூச்சியம் போட முடியும். இதைப் பற்றி நான் குரல் பதிவு எதுவும் அனுப்பியதில்லை. யாரும் கேட்டதில்லை, அதனால் சொல்லவில்லை.

தென்மேற்கில் இருந்து சோழகக் காற்று எழும்புகிற காலம் அது. இன்னும் கொஞ்ச நாளில் வள்ளங்கள் வெறுமனே திரும்பத் தொடங்கும். ஒன்றிரண்டு சண்டை வரும், ஹாஜியார் தலையைப் பிடித்துக்கொள்வார், "மகள், ஒங்கட சாமானயே திருப்பிப் போடுங்க" என்பார். நான் வாயை மூடிக்கொண்டு பிளேன்டீயைக் குடித்துவிட்டு எழும்பினால் போதும். ஆனால் அந்தச் சண்டையில் முதலில் மாட்டுகிற வள்ளங்களில் அப்பாவுடையதும் இருக்கும். அதற்காகத்தான் சொன்னேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அதுவும் இருந்தது. அந்தப் பிள்ளை, பரீட்சையில் நூற்றுக்கு நூறு எடுத்தவள் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததும் இருந்தது.

"வெறுமனே வந்த வள்ளத்தை எப்பிடிப் பதிவீங்க?" என்று கேட்டேன்.

அவளுக்கு விளங்கவில்லை. ஹாஜியாருக்கு உடனே விளங்கியது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓம், மெய்தான். அது பெரிய வில்லங்கமாப் போகுமே. நல்ல நேரம் மகள் சென்னீங்க." மகளைப் பார்த்தார். "கேட்டியா? படிச்ச புள்ளட கண்ணப் பாத்தியா?"

ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறுக்கவில்லை.

அவள் போனை என் கையில் இருந்து வாங்கி வாய்க்குக் கிட்டப் பிடித்தாள். "அக்கா செல்றாங்க, சில நாள் வள்ளம் கறிக்கு மட்டும்தான் மீன் கொண்டுவரும். அப்ப நிற பூச்சியம். அதயும் வந்த வள்ளமாப் பதிய வேணும், இல்லாட்டி வேற ஆளுக்கு வித்த எண்டு நெனப்பாங்க. அதச் சரியாக்கு." வைத்துவிட்டு பணிசில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். அதை மென்று முடிப்பதற்குள் திரை மாறியது. பூச்சியம் போட்டேன். பதிந்தது. 'வெறும் வள்ளம்' என்று ஒரு குறிப்பும் பக்கத்தில் தானாக வந்தது. எங்கள் மென்பொருளில் அப்படி ஒரு குறிப்பு இருக்கவில்லை. அது இருந்தால் நல்லது என்று நான் பலமுறை சேரிடம் கேட்டிருக்கிறேன்.

இனி சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும். பாதியாகக் குறைக்கலாம் என்று சேர் சொன்னதைச் சொன்னேன்.

"கொறச்சாலும் மாசா மாசம்தானே மகள்."

போன் உடைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதற்கும் மகள் ஏதோ ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். கடைசியாக, பத்திரப்படுத்தி வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "நாளைக்கு இதில ஒரு பிழை வந்தா, யாருக்கு கோல் எடுப்பீங்க ஹாஜியார்?"

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "ஒங்களுக்குத்தான் மகள். வேற யாருக்கு?"

அவர் கிண்டல் பண்ணவில்லை. வாசல் வரை வந்து, என் அப்பாவுக்கு சலாம் சொல்லச் சொல்லி அனுப்பினார்.

ஒஃபிசுக்குத் திரும்பி வந்து எல்லாவற்றையும் சேரிடம் சொன்னேன். வெறும் வள்ளத்தையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

"அது பரவாயில்ல மிஸ்" என்றார். "நீங்க சொல்லாட்டி வேற ஆள் சொல்லியிருக்கும். கறி மீனைப் பத்தி எங்களுக்கு நீங்க சொன்னதும் இப்பிடித்தானே." பிறகு கலண்டரைப் பார்த்தார். "இந்த மாசம் முடிய ஒஃபிச மூடுறன். உங்களுக்கு நல்ல சேர்டிபிகட் ஒண்டு எழுதித் தாரன், ஹரி?"

அந்தக் கடிதத்தையும் அவர் ஏஐயைக் கொண்டுதான் எழுதுவித்தார். என்னைப் பற்றி மிக நல்லதாகவே எழுதியிருந்தது.

அந்த மாதம் முழுக்க எனக்கு கோல் வந்தபடியே இருந்தது. சந்தாவை விட்டு நின்றுபோன கடைக்காரர்கள்தான். மருமகன் செய்து கொடுத்ததில் அது வரவில்லை, மகன் செய்ததில் இது காணவில்லை, எப்படிக் கேட்டால் சரிவரும் மிஸ்? அவர்கள் யாரும் இப்போது எங்கள் ஆட்கள் இல்லை. ஆனால் அவர்கள் பேசுகிற விதத்தில் எதுவும் மாறியிருக்கவில்லை. சந்தா கட்டியது மென்பொருளுக்கு, நான் அதற்கு வெளியே உள்ள ஆள், ஊர்ப் பிள்ளை என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மாதாமாதம் கிடைத்தது எங்கிருந்து வந்தது என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் பதில் சொன்னேன். எப்படிச் சொல்லாமல் இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வேறு இடங்களுக்கும் எழுதிப் போட்டேன். கொழும்பில் ஒரு கம்பனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது, திரையில்தான். நான் செய்த வேலையை விளக்கினேன். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அதை இப்ப நாங்க ஏஐக்குக் குடுத்திட்டம்" என்றார்.

வேலை போனதை வீட்டில் சொன்னபோது அப்பா வள்ளத்து எஞ்சின் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனார். அப்பாதான் பேசினார்.

"உன்ட பிழையா?"

"இல்லை அப்பா."

"அந்தச் சேர்ட பிழையா?"

"அவர்ட பிழையும் இல்லை."

"அப்ப யார்ட பிழை?" கடலில் ஏதாவது நடந்தால் யாருடைய பிழை என்று அவருக்குத் தெரியும், காற்று, எஞ்சின், இல்லாவிட்டால் ஆள். இதில் காட்ட எனக்கு ஆள் இல்லை. ஹாஜியாரின் மகள் என் குரலைக் கொடுத்துச் செய்துவித்த கதையைச் சொன்னேன். அவர் பிளக்கைக் கீழே வைத்தார்.

"உன்ட குரலையா? உன்ட குரலை வச்சா அந்த மெசின் படிச்சது?"

"ஓம்."

"பாத்தியா" என்றார் குசினியைப் பார்த்து. "ஹாஜியார்ட மகளுக்கே எங்கட பிள்ளைதான் சொல்லிக் குடுத்திருக்கு."

நான் பிளக்கை எடுத்து அவரிடம் திரும்பக் கொடுத்தேன்.

ஆனால் வேலை இல்லை என்பது அவருக்கு விளங்கியிருந்தது. அடுத்த ஞாயிறு பூசைக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றாமலே சைக்கிளை எடுத்தார். "ஹாஜியாரோட ஒருக்காக் கதைச்சிட்டு வாறன்." போக வேண்டாம் என்றேன். தனக்கென்று யாரிடமும் போய் எதையும் கேட்காத மனிதர் அவர். வாசலில் நின்று மறித்தேன். "நீ கேக்கேல்லத்தானே, நான் கேக்கிறன்" என்று சைக்கிளை என்னைச் சுற்றி உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் திரும்பி வந்தார். முகத்தில் இருந்து ஒன்றும் தெரியவில்லை.

"கிழமைக்கு ஒருக்கா வரட்டாம்."

"வேலைக்கா?"

"மகளோட இருந்து கதைச்சாப் போதுமாம்."

"அது வேலையா அப்பா?"

"அதை நான் கேக்கேல்ல" என்றார். "நீ வருவாய் எண்டு சொல்லிட்டன்."

அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார், அப்பாவின் வள்ளம் அங்கேதான் மீன் போடுகிறது. போனேன். இப்போதும் போகிறேன். ஹாஜியாரின் மகள் இப்போது மற்றக் கடைக்காரர்களுக்கும் செய்து கொடுக்கிறாள். சந்தா எல்லாம் இல்லை, தெரிந்தவர்கள்தானே என்று சும்மாதான். பரீட்சை முடிவு நன்றாக வந்திருக்கிறது, மேலே படிக்கக் கம்பஸ் போகும்வரை பொழுது போகட்டும் என்கிறாள். ஒவ்வொரு கடையைப் பற்றியும் என்னிடம் கேட்பாள். யார் எதற்குக் கோபிப்பார்கள், எதை எதற்கு முதல் எழுத வேண்டும், எந்த இடத்தில் சண்டை வரும். நான் சொல்வேன். போன் மேசையில் இருந்து கேட்கும். வரும்போது ஒரு பையில் மீன் போட்டுத் தருவார்கள். பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைக்க முடியாது, காலடியில் வைத்துக்கொள்வேன்.

போன கிழமை அவள் ஐஸ் பெக்டரி ஒன்றைப் பற்றிக் கேட்டாள். அங்கே கட்டி உடைகிற கணக்கை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றேன். அப்படிச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. எனக்கே ஒரு நிம்மதி மாதிரி இருந்தது.

"பரவாயில்லக்கா" என்றாள். "அங்க கன காலமா வேல செய்ற ஒரு நானா ஈக்காராம். வந்து கேக்கிற ஆக்களுக்கு எல்லாம் அவர்தான் விளக்கம் செல்றயாம். அவர்ட்ட வொய்ஸ் போடச் செல்லிக் கேக்கிறன். நம்பர்தான் தேடுறன்."

அவள் நானா என்று, அண்ணன் முறை வைத்துச் சொன்ன அந்த ஆளின் நம்பர் என் போனில் இருந்தது. முன்பு அந்த பெக்டரிக்கு எங்கள் மென்பொருளைக் காட்டப் போனபோது, வெயிலில் நின்ற எனக்குக் கதிரை எடுத்துப் போட்டவர் அவர்தான்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தேடி எடுத்துக் கொடுத்தேன்.